ஈமேக்ஸ் பேக்கேஜ்: வீட்டில் ஓடுகிறது, அச்சகத்தில் ஏற மாட்டேன் என்கிறது

மாயவரம் அச்சு | செவ்வாய், இரவு 9:52

வணக்கம். மாயவரத்தில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, இதுதான் பிழைப்பு. இப்போது யாரும் தாளில் எழுதிக் கொண்டுவருவதில்லை, எல்லாம் வாட்ஸப்பில் வருகிறது. அதில் ஒரு தீராத தலைவலி: ‘சௌபாக்கியவதி’யைப் பாதிப் பேர் ‘செளபாக்கியவதி’ என்று அடித்து அனுப்புகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே பார்த்தால் முதலாவதில் ச-வுக்கு ஔகாரக் குறி, இரண்டாவதில் ‘செ’ எழுதி, பக்கத்தில் சாதாரண ‘ள’. பழைய தட்டச்சு இயந்திரத்தில் அப்படித்தான் அடித்தார்கள், கைப்பழக்கம் போகவில்லை.

போன ஆவணியில் ஒரு பத்திரிகையில் வரி சரியாக அந்த இடத்தில் உடைந்தது. மேல் வரி ‘செ’ என்று முடிந்து, கீழ் வரி ‘ளபாக்கியவதி’ என்று ஆரம்பித்தது. பெண் வீட்டார் ப்ரூஃபில் பார்த்ததால் தப்பித்தேன்.

அன்று இரவே, நான் தட்டச்சு செய்யும் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். ‘ெள’ வந்த இடத்திலெல்லாம் ‘ௌ’ போட்டுவிடும். கட்டளையின் பெயர் ‘ஔ-திருத்து’. ஈமேக்ஸின் நிரல்மொழியான லிஸ்ப்பில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று தெரிந்ததும் ஓர் ஆசை. வீட்டில் நன்றாக ஓடுகிறது.

அச்சகத்தில் மூன்று கணினிகள். மூன்றிலும் முறையான பேக்கேஜாக, அதாவது நிறுவிக்கொள்ளும் பொதியாகப் போட நினைத்து, பென்டிரைவில் கொண்டுபோய் ‘பேக்கேஜ்-இன்ஸ்டால்-ஃபைல்’ கொடுத்தால், கோப்பின் முடிவு வரி இல்லை என்கிறது. இருக்கிறது! கண்ணெதிரே கடைசி வரியாக நிற்கிறது. நான்கு முறை பார்த்துவிட்டேன். யாராவது சொல்லுங்களேன்.

(கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)


கடைமடை | செவ்வாய், இரவு 10:15

அண்ணே, இந்தக் காலத்தில் ஈமேக்ஸா? விஎஸ் கோட் என்ற உரைத்திருத்தியில் எக்ஸ்டென்ஷனாக எழுதியிருந்தால் பத்து நிமிட வேலை. ஒரே கோப்பாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம், இணையமே வேண்டாம்.


குடமுருட்டி | செவ்வாய், இரவு 10:41

கடைமடைத் தம்பி, அவர் கேட்டது வேறு. வைத்தியம் கேட்டு வந்தவரிடம் வீட்டை மாற்றச் சொல்லக் கூடாது.

அச்சுத் தம்பி, இரண்டு விவரம் வேண்டும். வீட்டில் எந்தப் பதிப்பு, அச்சகத்தில் எந்தப் பதிப்பு? அப்புறம், உங்கள் கோப்பின் முதல் வரியையும் கடைசி இரண்டு வரிகளையும் இங்கே ஒட்டுங்கள். திரும்ப அடிக்க வேண்டாம், கோப்பிலிருந்தே எடுத்து ஒட்டுங்கள்.

ஈமேக்ஸ் ஒரு தனிக் கோப்பைப் பேக்கேஜாக ஏற்கும் முன் தலையையும் வாலையும் பார்க்கும். முதல் வரியில் மூன்று அரைப்புள்ளி, கோப்பின் பெயர், மூன்று கோடு, ஒரு வரி விளக்கம். அதன் கீழ் ‘வெர்ஷன்’ என்ற வரி. கடைசியில் அதே பெயரைச் சொல்லி, ‘இத்துடன் முடிந்தது’ என்று பொருள்படும் ஆங்கில வரி. பழைய பதிப்புகள் இந்த வால் இல்லாமல் வாங்காது. பாதியில் அறுந்துபோன கோப்பைத் தெரியாமல் ஏற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.


மாயவரம் அச்சு | செவ்வாய், இரவு 11:03

வீட்டில் உபுண்டு 24.04, ஈமேக்ஸ் 29.3. அச்சகத்தில் 22.04, ஈமேக்ஸ் 27.1. அங்கே இணையம் கிடையாது, முதலாளி வேண்டுமென்றே இணைப்பு கொடுக்கவில்லை.

முதல் வரி:
;;; ஔதிருத்தி.எல் --- தவறான ஔகாரத்தைத் திருத்தும்

கடைசி இரண்டு:
(ப்ரொவைட் 'ஒளதிருத்தி)
;;; ஒளதிருத்தி.எல் எண்ட்ஸ் ஹியர்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி இரண்டு வரியும் பஸ்ஸில் வரும்போது நினைவுக்கு வந்தது. செல்போனில் அடித்து எனக்கே அனுப்பி, வீட்டில் எடுத்து ஒட்டினேன்.


திருவாரூர்க்காரி | புதன், காலை 6:20

நானும் மூன்று தடவை பார்த்தேன். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? எனக்கு நிரல் தெரியாது, கதை எழுதுகிறவள். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன்.


குடமுருட்டி | புதன், காலை 7:05

பஸ்ஸில் அடித்தேன் என்றபோதே சந்தேகப்பட்டேன். நீங்கள் ஒட்டியதை என் ஈமேக்ஸில் ஒட்டி, முதல் வரியில் ‘ஔ’ மேல் கர்சரை வைத்து ‘வாட்-கர்சர்-பொசிஷன்’ கொடுத்து, அந்த எழுத்தின் யுனிகோட் எண்ணைப் பார்த்தேன். 2964 என்றது. அதுதான் ஔ. கடைசி வரியில் அதே எழுத்தின் மேல் வைத்தேன். 2962 என்றது. அது ஒ. ஓர் அடி நகர்த்தினால் 2995. அது ள.

தம்பி, ‘ெள’ பிழையைத் திருத்தும் பேக்கேஜின் வாலிலேயே ‘ஒள’ பிழை.

ஈமேக்ஸ் தலையில் ஒரே எழுத்தாக ஔ இருக்கும் பெயரை எடுத்துக்கொண்டு, அதே பெயர் வாலில் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து தேடுகிறது. அங்கே ஒ, ள என்று இரண்டு எழுத்துகள். கிடைக்குமா? நம் கண்ணுக்குத்தான் இரண்டும் ஒன்று.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. யுனிகோடில் 3031 என்ற எண்ணில் ஒரு குறி இருக்கிறது, ‘ௗ’. பார்க்க ள போலவே இருக்கும். ஒ-வுடன் அது சேர்ந்தால் ஔ-வுக்குச் சமம் என்று யுனிகோடே ஒப்புக்கொள்கிறது. ஆனால் நம் ஆட்கள் அடிப்பது அதையல்ல, அசல் ள-வை. அதை எந்த விதியும் ஔ என்று ஏற்காது.


திருவாரூர்க்காரி | புதன், காலை 7:11

சிரித்துச் சிரித்துக் காபி சிந்திவிட்டது.


மாயவரம் அச்சு | புதன், மதியம் 1:30

நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நானும் சிரித்தேன்.

வாலைத் திருத்தினேன், இன்ஸ்டால் ஆகிவிட்டது. சந்தோஷம் அரை நிமிடம்தான். கட்டளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் எம்-எக்ஸ் கொடுத்து ‘ஔ-திருத்து’ என்று தேடினால் கட்டளையே வரவில்லை. சரி, பெயர் சொல்லிக் கோப்பை ஏற்றும் ‘ரிக்வயர்’ செய்து பார்ப்போம் என்றால், கோப்பு ஏறியது, ஆனால் சொன்ன அம்சத்தைத் தரவில்லை என்று பிழை. ஒருவழியாக ‘லோட்-ஃபைல்’ கொடுத்து ஓட்டினால், ‘ஸ்ட்ரிங்-ரிப்ளேஸ்’ என்ற ஃபங்ஷனே கிடையாது என்கிறது. வீட்டில் இதில் ஒன்றுகூட வரவில்லையே?


குடமுருட்டி | புதன், இரவு 8:48

வீட்டில் வராததற்குக் காரணம், நீங்கள் வீட்டில் ஒருநாளும் இன்ஸ்டால் செய்ததே இல்லை. நேராக லோட் செய்திருக்கிறீர்கள். அதற்குத் தலையும் வேண்டாம், வாலும் வேண்டாம். எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே விட்டுவிடும்.

மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘அம்சத்தைத் தரவில்லை’ என்பது காலையில் பார்த்த அதே வியாதி. கடைசி வரியைத் திருத்தினீர்கள், அதற்கு மேல் வரியை விட்டுவிட்டீர்கள். அங்கேயும் ‘ஒள’. ரிக்வயர் கேட்ட பெயர் ஒன்று, ப்ரொவைட் கொடுத்த பெயர் வேறு.

கட்டளை கண்ணில் படாததற்குக் காரணம் ‘ஆட்டோலோட்’ குறி இல்லாதது. இன்ஸ்டால் செய்யும்போது ஈமேக்ஸ் உங்கள் கோப்பை முழுதாக ஏற்றி வைத்துக்கொள்ளாது. எந்தெந்த ஃபங்ஷனுக்கு மேலே மூன்று அரைப்புள்ளி, மூன்று ஹேஷ், ‘ஆட்டோலோட்’ என்று எழுதியிருக்கிறதோ அவற்றின் பெயரை மட்டும் ஒரு தனிக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இன்னார் இன்ன வீட்டில் இருக்கிறார் என்று தெருமுனைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருப்பதுபோல. நீங்கள் கட்டளையைக் கூப்பிடும்போதுதான் உண்மையான கோப்பு ஏறும். நீங்கள் குறி போடவில்லை, ஆகையால் கடைக்காரருக்கு உங்களைத் தெரியாது. நூறு பேக்கேஜ் இருந்தாலும் ஈமேக்ஸ் சட்டென்று திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது பதிப்புச் சிக்கல். ‘ஸ்ட்ரிங்-ரிப்ளேஸ்’ 28-ஆம் பதிப்பில்தான் வந்தது. அச்சகத்தில் இருப்பது 27.1. உங்கள் கோப்பின் தலையில் ‘பேக்கேஜ்-ரிக்வயர்ஸ்’ வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? எங்கிருந்தோ எடுத்து ஒட்டி ஈமேக்ஸ் 24 போதும் என்று எழுதியிருப்பீர்கள், பந்தயம். 28.1 வேண்டும் என்று எழுதியிருந்தால் அது அப்போதே, உள்ளே வர முடியாது என்று சொல்லியிருக்கும். நீங்கள் போதும் என்றதால் நம்பி உள்ளே விட்டது. அப்போதுகூட, நிரலைக் கணினிக்கு ஏற்ற வடிவில் மாற்றும் கம்பைல் பதிவில், இந்த ஃபங்ஷனை எனக்குத் தெரியாது என்று எச்சரித்திருக்கும். நாம்தான் அந்த ஜன்னலைப் பார்க்காமல் மூடிவிடுவோம்.

உங்களுக்கு ‘ரிப்ளேஸ்-ரெகெக்ஸ்ப்-இன்-ஸ்ட்ரிங்’ போதும், அது பழையதிலும் உண்டு. ‘காம்பேட்’ என்று ஒரு பேக்கேஜ், புதிய ஃபங்ஷன்களைப் பழைய பதிப்புக்குத் தரும். ஆனால் இணையம் இல்லாத இடத்துக்கு இன்னொரு மூட்டையை எதற்குத் தூக்கிப் போக வேண்டும்?


அரிசிலாறு | புதன், இரவு 9:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஐம்பது வரி நிரலுக்குப் பேக்கேஜ் எதற்கு? ஒரு ஃபோல்டரில் போட்டு, ‘லோட்-பாத்’தில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து, ‘ரிக்வயர்’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. விம் என்ற உரைத்திருத்தியின் 8-ஆம் பதிப்பு வந்த 2016-லிருந்து நான் அதில் அப்படித்தான் செய்கிறேன். ‘பேக்’ ஃபோல்டருக்குள் ‘ஸ்டார்ட்’ என்ற இடத்தில் போட்டால் தானாக ஏறும். தலை, வால், குறி என்று எந்தச் சடங்கும் இல்லை. நீக்க வேண்டுமா, ஃபோல்டரை அழித்துவிடு.


மாயவரம் அச்சு | புதன், இரவு 9:55

நியாயம்தான் அண்ணே. என் ஒருவனுக்கு என்றால் அப்படியே செய்திருப்பேன். அங்கே என்னோடு சேர்த்து மூன்று பேர் தட்டச்சு செய்கிறோம். மற்ற இருவருக்கும் ஈமேக்ஸ் அமைப்புக் கோப்பு இருப்பதே தெரியாது. நான் ஒரு வாரம் ஊருக்குப் போனால், எது பழையது எது புதியது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். ‘பேக்கேஜ் லிஸ்ட்’ திறந்தால் பெயரும் பதிப்பு எண்ணும் தெரியும் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

போன வருடம் ஒருவர் தன் வீட்டு ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் கொண்டுவந்து கொட்டினார். அதில் கம்பைல் செய்த கோப்புகளும் இருந்தன. மூலத்தை எத்தனை முறை மாற்றினாலும் பழைய கம்பைல் கோப்புதான் ஏறியது. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.


குடமுருட்டி | புதன், இரவு 10:10

அதுதான் ஈமேக்ஸின் இயல்பு. மூலமும் கம்பைல் கோப்பும் பக்கத்தில் இருந்தால், மூலம் புதியதாக இருந்தாலும் கம்பைல் கோப்பைத்தான் எடுக்கும். எச்சரிக்கை மட்டும் தரும். ‘லோட்-ப்ரிஃபர்-நியூயர்’ என்ற மாறியை இயக்கினால் புதியதை எடுக்கும். அதைவிட, 29-இல் கம்பைல் செய்ததை 27-க்குக் கொண்டுபோகவே கூடாது. மூலத்தைக் கொண்டுபோங்கள், போகிற இடத்தில் கம்பைல் ஆகட்டும்.


கடைமடை | வியாழன், மாலை 6:40

விடவில்லை நான். நேற்றிரவு அதையே விஎஸ் கோடுக்கு எழுதிப் பார்த்தேன். ‘பேக்கேஜ் டாட் ஜேசன்’ கோப்பில் பெயர், பதிப்பு, ‘எஞ்சின்ஸ்’ என்ற இடத்தில் குறைந்தது எந்த விஎஸ் கோடு வேண்டும் என்பது. அப்புறம் ‘விஎஸ்சிஇ பேக்கேஜ்’ கொடுத்தால் ‘விசிக்ஸ்’ கோப்பு வரும் என்று நினைத்தேன்.

வரவில்லை. முதலில் ‘பப்ளிஷர்’ பெயர் இல்லை என்று நின்றது. போட்டேன். அடுத்து, ரீட்மீ கோப்பைத் திருத்தாமல் மாதிரியை அப்படியே வைத்திருக்கிறாய், முதலில் அதை எழுது என்றது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் போனதுபோல் இருந்தது. எழுதினேன். கோப்பு வந்தது. இணையத்தைத் துண்டித்துவிட்டு இன்ஸ்டால் செய்தேன், ஏறியது.

ஆக, சடங்கு இங்கேயும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அச்சு அண்ணே, உங்கள் நிலவரம் என்ன?


மாயவரம் அச்சு | வெள்ளி, இரவு 8:15

நிலவரம் கலவரம்.

காலையில் மூன்று கணினியிலும் ஏற்றிவிட்டேன். ஆட்டோலோட் குறி போட்டாயிற்று, ப்ரொவைட் திருத்தியாயிற்று, கட்டளை அழகாக வந்தது. வந்த முதல் பத்திரிகையிலேயே ஓட்டினேன். ‘செள.’ எல்லாம் ‘சௌ.’ ஆனது. பெருமையோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ப்ரூஃப் பார்க்கிறவர் ஒரு சத்தம் போட்டார். கல்யாணம் வெள்ளிக்கிழமை. என் நிரல் அதை ‘வௌ்ளிக்கிழமை’ என்று ஆக்கியிருந்தது. ள மேல் இருந்த புள்ளி அநாதையாக ஔகாரத்தில் தொங்கியது. கீழே பார்த்தால் ‘வெள்ளைப் பிள்ளையார் துணை’யும் அதே கதி. பிள்ளையாரையே விட்டுவைக்கவில்லை.

வீட்டில் ஏன் தெரியவில்லை என்றால், நான் சோதித்த பத்தியில் இருந்ததெல்லாம் கௌரி, பௌர்ணமி, மௌனம், சௌகரியம். பிழையானவற்றை மட்டுமே வைத்துச் சோதித்திருக்கிறேன். சரியான சொல் ஒன்றுகூட அதில் இல்லை.


திருவாரூர்க்காரி | வெள்ளி, இரவு 8:40

இங்கேதான் எனக்கு வேலை. ‘கெளுத்தி’ என்னவாகும்? வெண்ணாற்றில் பிடித்த கெளுத்தியைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு இரண்டு கொம்பு முளைத்துவிடாதே? தெளிவு, நெளிவு, வெளி என்று எத்தனை இருக்கின்றன.


அரிசிலாறு | வெள்ளி, இரவு 9:02

இதற்கு விதி எளிது. ள-வுக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது அசல் ள, தொடக் கூடாது. வெள்ளியில் புள்ளி, கெளுத்தியில் உகரம், தெளிவில் இகரம். ஔகாரம் என்றால் அதற்கு அடுத்து இன்னொரு உயிர்க்குறி வரவே முடியாது. ஆகவே ள-வுக்கு அடுத்து மெய்யெழுத்தோ, இடைவெளியோ, புள்ளிக்குறியோ, வரி முடிவோ இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கடைமடை விஎஸ் கோடுக்கு எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அடுத்த எழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விடும் வசதி உண்டு. ஈமேக்ஸின் தேடல் குறிமொழியான ரெகெக்ஸில் அது கிடையாது. அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பிடித்து, ஒரு குழுவில் வைத்து, மாற்றும்போது அதைத் திரும்பப் போட வேண்டும். வரி முடிவுக்குத் தனியாக ஒரு கிளை.


திருவாரூர்க்காரி | வெள்ளி, இரவு 9:20

அரிசிலாற்றாரே, விதி நன்றாக இருக்கிறது. ஆனால் என் கதையில் ஒரு கிழவி, “கெளம்புடா, வெளக்கு வைக்கிற நேரமாச்சு” என்கிறாள். கெளம்பு, கெளப்பு, வெளக்கு, வெளஞ்ச நெல்லு. எங்கள் பக்கத்துப் பேச்சில் இகரம் எல்லாம் எகரம் ஆகிவிடும். எல்லாவற்றிலும் ள-வுக்கு அடுத்து மெய்தான் வருகிறது. உங்கள் விதிப்படி கிழவி ‘கௌம்புடா’ என்பாள்.


அரிசிலாறு | வெள்ளி, இரவு 9:26

தோற்றேன். விதியோடு ஒரு விலக்குப் பட்டியலும் வேண்டும்.


குடமுருட்டி | வெள்ளி, இரவு 10:00

என்னைக் கேட்டால் தானாக மாற்றவே கூடாது. ஒவ்வொன்றாக நிறுத்தி, மாற்றவா என்று கேட்கட்டும். ‘க்வெரி-ரிப்ளேஸ்’ அதற்குத்தான் இருக்கிறது. பத்திரிகையில் எத்தனை ஔ வந்துவிடப் போகிறது? ஐந்தோ ஆறோ. நிரல் சுட்டிக் காட்டட்டும், முடிவு ப்ரூஃப் பார்க்கிறவருடையதாக இருக்கட்டும்.


மாயவரம் அச்சு | சனி, மதியம் 2:45

இரண்டும் செய்தேன், கூடவே ‘ஒள’வையும் தேடச் செய்தேன். கேட்டுவிட்டுத்தான் மாற்றும், விலக்குப் பட்டியலில் உள்ளதைக் கேட்கவே கேட்காது. பட்டியல் தனியாக ஒரு உரைக் கோப்பு, வரிக்கு ஒரு சொல்முதல். மற்ற இருவரும் நிரலைத் தொடாமல் சொல் சேர்க்கலாம். பேக்கேஜ் பெயரையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டேன், பட்டது போதும். கட்டளை மட்டும் ‘ஔ-திருத்து’வாகவே இருக்கிறது.

இப்போது இரண்டு கோப்பு ஆகிவிட்டதால் புதுச் சிக்கல். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கோப்பாகக் கட்டினேன். இது முறையாக ஒரு ஃபோல்டருக்குள் பிரியவில்லை என்று திருப்பி அனுப்பியது. தவிர, பட்டியல் கோப்பின் பாதையை என் வீட்டு ஃபோல்டர் பெயரோடு எழுதியிருந்தேன். அங்கே அந்தப் பெயரில் ஆளே இல்லை.


குடமுருட்டி | சனி, மாலை 4:30

டாரை ஃபோல்டருக்கு உள்ளே நின்றுகொண்டு கட்டியிருப்பீர்கள். வெளியே வந்து கட்ட வேண்டும். ஃபோல்டரின் பெயர் பேக்கேஜ் பெயர், ஒரு கோடு, பதிப்பு எண். அதற்குள் நிரல், பட்டியல், அப்புறம் பெயருக்குப் பின்னால் ‘பிகேஜி’ என்று சேர்த்த ஒரு சின்னக் கோப்பு. அதில் ‘டிஃபைன்-பேக்கேஜ்’ என்று ஆரம்பித்துப் பெயர், பதிப்பு, விளக்கம், தேவைகள். ஃபோல்டர் பெயரில் உள்ள எண்ணும் இதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். டாரைச் சுருக்க வேண்டாம், வெறும் டார்.

பாதைக்கு: கோப்பு ஏறும்போது ‘லோட்-ஃபைல்-நேம்’ என்ற மாறியில் அந்தக் கோப்பின் முழுப் பாதை இருக்கும். அதிலிருந்து ஃபோல்டரை எடுத்து, பட்டியலின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில், எந்த ஃபோல்டரில் இருந்தாலும் கூடவே வரும்.


மாயவரம் அச்சு | சனி, இரவு 7:50

டார் ஏறியது. கட்டளையும் வந்தது. ஓட்டினால், எழுத்துச்சரம் எதிர்பார்த்தேன், ‘நில்’ (ஒன்றுமில்லை) வந்தது என்று பிழை. நீங்கள் சொன்ன அந்த வரியைத்தான் ஃபங்ஷனுக்குள் எழுதியிருக்கிறேன்.


குடமுருட்டி | சனி, இரவு 8:02

ஃபங்ஷனுக்குள் எழுதியதுதான் தப்பு. நான் சரியாகச் சொல்லவில்லை, மன்னியுங்கள். அந்த மாறியில் பாதை இருப்பது கோப்பு ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும். நீங்கள் கட்டளையைக் கூப்பிடும்போது ஏறும் வேலை முடிந்துவிட்டது, மாறி காலி. பஸ் நிற்கும்போது நடத்துநரிடம் ஊர்ப் பெயர் கேட்கலாம், பஸ் போன பிறகு யாரிடம் கேட்பது?

கோப்பின் மேல்பகுதியில் ‘டெஃப்கான்ஸ்ட்’ போட்டு, ஏறும்போதே பாதையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் அந்த மாறிலியைப் பார்க்கட்டும்.


மாயவரம் அச்சு | சனி, இரவு 8:31

ஓடுகிறது! கிழவியின் வசனத்தை ஒட்டி ஓட்டினேன். கெளம்பு, வெளக்கு இரண்டையும் சீண்டவில்லை. கெளுத்தி, வெள்ளிக்கிழமை, பிள்ளையார் எல்லோரும் பத்திரம்.

இன்னும் ஒன்று. மூன்று கணினிக்கும் ஒவ்வொரு முறையும் பென்டிரைவோடு அலைய வேண்டியிருக்கிறது. ஏதாவது வழி உண்டா? உள்ளே ஒரு பொது ஃபோல்டர் மூன்றிலும் தெரியும்.


குடமுருட்டி | சனி, இரவு 9:15

பொது ஃபோல்டர் இருந்தால் உங்களுக்கென்று ஒரு சொந்தக் களஞ்சியம் வைத்துக்கொள்ளலாம். வலைத்தளமே தேவையில்லை. ஈமேக்ஸோடு வரும் ‘பேக்கேஜ்-எக்ஸ்’ என்ற நூலகத்தை ரிக்வயர் செய்யுங்கள். ‘பேக்கேஜ்-ஆர்க்கைவ்-அப்லோட்-பேஸ்’ என்ற மாறியில் அந்தப் பொது ஃபோல்டரின் பாதை. பிறகு ‘பேக்கேஜ்-அப்லோட்-ஃபைல்’ கொடுத்து உங்கள் டாரைக் காட்டினால், அதை அங்கே வைத்து உள்ளடக்கப் பட்டியலையும் தானே எழுதிவிடும்.

மூன்று கணினியிலும் ‘பேக்கேஜ்-ஆர்க்கைவ்ஸ்’ மாறியில் அந்தப் பாதையை ஒருமுறை சேர்த்துவிடுங்கள். அது இணைய முகவரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஃபோல்டரும் செல்லும். பிறகு நீங்கள் புதுப் பதிப்பு வைத்ததும் மற்றவர்கள் பேக்கேஜ் பட்டியலைத் திறந்து, புதுப்பித்து, பெரிய எழுத்து யூ அடித்து, எக்ஸ் அடித்தால் போதும்.

நெல்லுக்கு விதை மாதிரி, பழைய டார்களையும் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். புதியது சொதப்பினால் திரும்பப் போக வழி வேண்டும்.


மாயவரம் அச்சு | திங்கள், காலை 11:20

வைத்தேன். 1.15 வரை நன்றாகப் போனது. இன்று காலை இன்னும் நான்கு சொல் சேர்த்து, பெரிய மாற்றம் என்று 1.2 என எண் கொடுத்தேன். அப்லோட் செய்தால் பொது ஃபோல்டரில் ஏறவே மறுக்கிறது. புதிய பேக்கேஜின் பதிப்பு எண் சிறியது என்கிறது.


கடைமடை | திங்கள், காலை 11:34

அண்ணே, இது எனக்கே தெரியும்! பதிப்பு எண் தசம எண் இல்லை. புள்ளிக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண். 15 பெரியதா, 2 பெரியதா? உங்கள் 1.2 பழைய பதிப்பு, 1.15-தான் புதியது. 1.16 என்று கொடுங்கள்.


மாயவரம் அச்சு | திங்கள், மதியம் 12:05

கொடுத்தேன். மூன்றிலும் ஏறிவிட்டது. தம்பிக்கு ஒரு டிகிரி காபி கடன்.


திருவாரூர்க்காரி | திங்கள், மாலை 5:50

எனக்கும் அந்த டார் கிடைக்குமா? ஈமேக்ஸ் இன்ஸ்டால் செய்து வைத்திருக்கிறேன், என் அண்ணன் மகன் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தான். அப்புறம், கிழவிக்கு இன்னொரு வசனம் இருக்கிறது: “சும்மா ஒளறாத.” அதில் ‘ஒள’ வருகிறதே, உங்கள் நிரல் அதை என்ன செய்யும்?


மாயவரம் அச்சு | திங்கள், இரவு 9:10

‘ஔறாத’ ஆக்கவா என்று கேட்டது, அக்கா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ‘ஒளற’வைப் பட்டியலில் சேர்த்தேன். 1.17. டாரை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.